நாற்பத்தொரு வாக்கு

'காலஞ்சென்ற' என்ற சொல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியால், ஆர்ஜொந்தெய்யில் நல்ல சுகத்தோடு இருந்த மருமகன் ஒருவர், தன் மாமியாரின் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் முந்நூறு பிரதிகளிலும் செத்துப் போயிருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனமெல்லாம் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, சோறு பரிமாறிக்கொண்டு நின்ற அவரையும் பார்த்ததாம். அடுத்த நாள் காலை அவர் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து, அச்சகத்து மேசையில் கல்வெட்டைத் தூக்கிப் போட்டார்.

"என்ர செத்தவீட்டை முடிச்சுப்போட்டுத்தான் எனக்கே சொல்லுறியள், என்ன?"

அதைத் தட்டெழுதிய பூரணி தலைகுனிந்து நின்றாள். அச்சகக்காரர் வரதராசா அவரைச் சமாதானப்படுத்தி, எல்லாவற்றையும் திருப்பி அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பூரணி, குறை நினையாதையும். இன்னொருக்கா இப்பிடி நடந்தா ரைப்பிங் வேலையைச் சென்னைக்குக் குடுத்திடுவன். அங்கை ஈமெயிலிலையே செய்து அனுப்பிறாங்கள்."

பதினொரு வருடமாக அந்தக் கடையில் கல்வெட்டும் மரண அறிவித்தலும் தட்டெழுதுகிறவள் அவள். சுகர் வலது கண்ணை முழுதாகத் தின்றுவிட்டு, இடது கண்ணில் பாதியை மிச்சம் வைத்திருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் பிழையில்லாமல் ஓட்டியதற்குக் காரணம் ஹரிஹரசுதன். தமிழ்நாட்டுப் பொடியன், கம்ப்யூட்டர் எஞ்சினியர். 2009இல் விசா கொடுக்கும் அலுவலகமான பிறிபெக்த்தூருக்குக் கொடுக்கும் காகிதங்களைக் கொப்பி எடுக்க வந்தவன், இவள் மூக்கு திரையில் முட்ட எழுதுவதைக் கண்டு ஒரு எழுத்துச் செயலியைப் போட்டுக் கொடுத்தான். யாருடைய கம்பெனியும் இல்லை, உலகம் முழுக்கப் பலர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதுவது, யாரும் சும்மா எடுக்கலாம், அதில் தானும் ஒருவன் என்றான். அதில் ஒரு வசதி இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும் வரி மட்டும், கறுப்பில் மஞ்சளாக, மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். பூரணிக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அவனுக்குப் பக்கத்துக் கடையில் றோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தாள்.

கல்வெட்டுப் பிழைக்கு ஒரு கிழமை முன்புதான் செயலி தன்பாட்டில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. பெரிய வரி காணாமல் போனது. அன்று வரதராசா போனதும் அவள் ஹரிக்குப் போன் அடித்தாள்.

"அதுவா அக்கா? யாரும் யூஸ் பண்றதில்லன்னு எடுத்துட்டாங்க."

"நான் பாவிக்கிறன் எல்லோ, தம்பி?"

"ஒருத்தர் யூஸ் பண்ணா பத்தாதுக்கா. சைட்ல ஃபீட்பேக்னு ஒரு இடம் இருக்கு, அங்க எழுதுங்க. ஓட்டு விழணும். ஒரு நாப்பது விழுந்தா நானே பேசுறேன்."

"பழசைத் திருப்பிப் போட்டுத் தரேலாதே?"

"அதுல செக்யூரிட்டி ஓட்டை இருக்குக்கா, சேஃப் இல்ல."

நாற்பதுதானே. லா சப்பலில் கையெழுத்துச் சேர்க்கத் தெரியாதவர் யார்? யாரையாவது பிடித்து நாட்டுக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றால், தேர் இழுக்க அனுமதி வேண்டுமென்றால், ஒரு தாள் கடைகடையாகப் போய்வரும். சனிக்கிழமை பூரணி அப்படித்தான் போனாள். பின்னேரம் அச்சகத்து வாசலில் வரிசை நின்றது. புடவைக்கடைக் கோசலை முதலில் வந்தாள். மீன் கடைத் தவரத்தினம் கையை இரண்டு தரம் கழுவிவிட்டு வந்தும், விசைப்பலகையில் பாரை மணத்தது. ஈமெயில் இல்லாதவர்களுக்குப் பூரணியே ஒன்று திறந்து கொடுத்தாள்.

"என்னடி எழுதிறது?" என்றாள் கோசலை.

"எல்லாரும் ஒண்டையே எழுதுங்கோ. ஆளுக்கொரு மாதிரிச் சொன்னா கேஸ் கெட்டுப்போம்."

அது அவர்கள் பட்டுப் படித்த பாடம். அகதி விசாரணையில் கணவன் சொன்ன தேதியும் மனைவி சொன்ன தேதியும் மாறினால் பொய் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே நாற்பத்தொரு பேரும், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, எழுத்துப் பிசகாமல் எழுதினார்கள்: 'எங்கள் பூரணி அக்காவுக்குக் கண் தெரிவதில்லை. அந்தப் பெரிய வரியைத் தயவுசெய்து திருப்பித் தரவும்.'

திங்கட்கிழமை உருப்பெருக்கிக் கண்ணாடியைத் திரையில் வைத்து வைத்து அவள் அந்தப் பக்கத்தைத் தேடினாள். ஒரு வாக்கும் இல்லை, எல்லாவற்றையும் நீக்கியிருந்தார்கள். செயலிக்குத் தலைவர் போலிருந்த மார்செல் என்பவர் பிரெஞ்சில் கேட்டிருந்தார்: ஒரே பின்னேரம், ஒரே வாசகம், நாற்பத்தொரு பேர். ஹரி, இது உன் மொழி அல்லவா, யார் இவர்கள்? அதன் கீழே ஹரிஹரசுதனின் பதில். தமிழ் எனக்குத் தெரியும். எல்லாம் ஒரே இணைப்பிலிருந்து வந்தவை. ஃபோ.

ஃபோ என்றால் பொய், போலி. மற்றப் பிரெஞ்சுச் சொற்கள் தடுமாறினாலும் அந்தச் சொல்லை லா சப்பலில் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பாஸ்போர்ட்டை, பிறப்புச் சான்றிதழை, முதுகில் இருந்த தழும்பைக்கூடப் பார்த்து அதிகாரிகள் சொன்ன அதைக் கேட்டுத்தான் அவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்காரன் சொன்னால் அது அவன் தொழில் என்று விடலாம். அந்த வரியைத் தமிழில் வாசித்து, விளங்கிக்கொண்டு ஒருவன் சொல்லியிருக்கிறான்.

மூன்றாம் நாள்தான் அவன் போனை எடுத்தான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நான்தான் ஆள் சேர்த்துட்டு வந்தேன்னு நினைச்சிருப்பாங்க. இப்பத்தான் என்னை மெயின் டீம்ல எடுத்திருக்காங்க."

"அந்த நாப்பத்தொரு பேரில நானும் ஒராள், தம்பி. என்னையும் தெரியாதெண்டே சொன்னனீர்?"

அவன் ஏதோ மீட்டிங் என்று போனை வைத்துவிட்டான்.

ஐப்பசியில் இன்னொரு கல்வெட்டில், பேரப்பிள்ளைகளின் பெயரில் ஒரு வரி முழுதாக விழுந்துபோனது. வரதராசா சத்தம் போடவில்லை. சென்னையிலிருந்து ஈமெயில்கள் வரத் தொடங்கின. பூரணியின் கதிரை ஜன்னலோரத்திலிருந்து பின்னறைக்குப் போனது. அடித்து வரும் தாள்களை மடித்து நடுவில் கம்பி குத்துவது இப்போது அவள் வேலை. அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். வரதராசா நல்ல மனிதர், அவளை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. நல்ல மனிதர்களோடு சண்டையும் பிடிக்க முடியாது.

தை பிறந்து இரண்டு கிழமையில் ஹரிஹரசுதன் சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்தான்.

"அக்கா, குட் நியூஸ்! அந்தப் பெரிய லைன் திரும்ப வந்துடுச்சு. லியோன்ல ஒரு புரொஃபசர் கேட்டார். ஏழு ஓட்டுதான், மார்செல் உடனே சரின்னுட்டார். நான்தான் அதுக்குக் கோட் எழுதினேன்."

"ஏழு," என்றாள் பூரணி.

அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தானே போட்டு, செயலியை இறக்கி, திரையை அவள் பக்கம் திருப்பினான். "உக்காந்து பாருங்க. ஏதாவது அடிங்க."

பூரணி கையில் ஒட்டியிருந்த தாள் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. கறுப்பில் மஞ்சளாக, மூன்று மடங்கு பெரிதாக, அவளுடைய பாதிக் கண்ணுக்கும் தெளிவாக, அந்தச் சொல் எழுந்து வந்தது.

'காலஞ்சென்ற'

இடைவெளிக் கட்டையை ஒருமுறை தட்டினாள். பிறகு எழும்பிப் பின்னறைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தாள்களை மடிக்கத் தொடங்கினாள்.

ஹரிஹரசுதன் திரையைப் பார்த்தபடி நின்றான். சொல்லுக்குப் பக்கத்தில், பெயர் வரவேண்டிய இடத்தில், ஒரு மஞ்சள் கோடு மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. பின்னறையில் கம்பி குத்தும் சத்தம் கேட்டது.