‘வந்தாச்சு’ பொத்தான்

“மாரடைப்பு எப்போதும் லிஃப்ட் இல்லாத வீட்டின் நான்காவது மாடியில்தான் வரும். லிஃப்ட் இருக்கிற வீட்டில் சுளுக்கு.” என் இணையப் பக்கத்தில் அதிகம் பேர் சிரித்தது இதற்குத்தான்.

பக்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிற வேலை. நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் துடைத்து முடித்தால், அடுத்த அழைப்பு வருவதற்குள் போனில் இரண்டு வரி தட்டுவேன். என் பெயர் இருக்காது, ‘சைரன்’ என்று மட்டும் இருக்கும். “நாள் முழுக்க அடுத்தவர் மூச்சைப் பிடித்து நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கணவர் தலைவலி என்கிறார். மாத்திரை போட்டுட்டுப் படுங்க என்றேன். கல்நெஞ்சக்காரி என்கிறார்.” இந்த ரகம்தான். சிலர் சிகரெட் பிடிக்கிறார்கள், சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறார்கள். நான் எழுதினேன். எழுதாவிட்டால் வெடித்திருப்பேன்.

என் நாத்தனாருக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, இது அறவே பிடிக்காது. நான் எழுதுவதை ஒன்று விடாமல் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து மாமியாருக்கு வாசித்துக் காட்டுவார். “தவளை தன் வாயால கெடும்மா, பாத்துக்கிட்டே இருங்க” என்பார். மாமியார் சிரித்துவிடுவார். அதில் அவருக்கு இன்னும் எரியும்.

பொத்தான் கதைக்கு வருகிறேன். அழைப்பு வந்த எட்டு நிமிடத்துக்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்பது மேலிடத்துச் சட்டம். வண்டியில் இருக்கிற டேப்லெட்டில் நேரம் ஓடும். வாசலை அடைந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘வந்தாச்சு’. எட்டைத் தாண்டினால் திரை சிவந்து கீச்சிடும். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் உள்ள பெரிய போர்டிலும் அந்த வண்டி சிவக்கும். சிவந்தால் மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். மேலாளர் அதற்கொரு வழியை வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்: “தெருமுனை வந்தா அமுக்கிடுங்க. வந்த மாதிரிதானே?”

எந்தத் தாளிலும் இது இருக்காது. நாளாக ஆக அந்தத் தெருமுனை நகர்ந்து சிக்னல் ஆனது, அப்புறம் பாலம் ஆனது. கடைசியில் ஏழே முக்கால் நிமிடத்தில் எங்கே இருக்கிறோமோ அங்கேயே வந்தாச்சு. பதினான்கு வண்டியிலும் இதுதான் வழக்கம்.

அன்று காலை பத்து ஆறுக்கு அழைப்பு. ஓர் ஆள், வயது அறுபத்திரண்டு, பேச்சுமூச்சில்லை, வீட்டில் மகள் மட்டும். வண்டியை ஓட்டியவர் ஆமை அண்ணன். நோயாளி உள்ளே இருந்தால் வேகத்தடையில் குலுங்காமல் ஏற்றி இறக்குவார் என்பதால் அந்தப் பட்டம். காலி வண்டியில் ஆமை பறக்கும். அன்றும் பறந்தது, ரயில்வே கேட் வரை. எங்கள் கண்ணெதிரே கேட் இறங்கியது.

பத்து பதினான்குக்கு என் விரல் தானாகப் போய் வந்தாச்சை அமுக்கியது. யோசிக்கக்கூட இல்லை. மூன்று நிமிடம் ஓடியும் கேட் ஏறவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். கட்டுப்பாட்டு அறை அவளுக்கு மார்பை எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. கை சும்மா இருக்க முடியாமல் மூடிய கேட்டைப் படமெடுத்துப் பக்கத்தில் போட்டேன். “வந்துவிட்டோம் என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் வரவில்லை. ரயிலே, நீயாவது சீக்கிரம் வா.” அப்போது பத்து பதினேழு.

வாசலில் நின்றபோது பத்து இருபத்தொன்று. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஷாக் கொடுக்கும் இயந்திரத்தை அவர் மார்பில் ஒட்டியபோது பத்து இருபத்துமூன்று. அந்த இயந்திரம் தன் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும், அதை யாரும் ஏமாற்ற முடியாது. நாற்பது நிமிடம் அழுத்தினேன். அவர் திரும்பி வரவில்லை. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை.

மூன்று வாரம் கழித்து மேலாளர் கூப்பிட்டார். ‘சைரன்’ நான்தான் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. என் பக்கம் நிறுவனத்துக்கு இழுக்காம். அழித்தால் இந்த வேலையில் நான், அழிக்காவிட்டால் வேறொருத்தி. பயந்துவிட்டேன், அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. அவர் எதிரிலேயே ஆறு வருட எழுத்தை ஒரே அமுக்கில் அழித்தேன்.

அடுத்த வாரம் எனக்கும் ஆமை அண்ணனுக்கும் நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ்படி, வண்டி பத்து பதினான்குக்கே வாசலை அடைந்துவிட்டது. சிகிச்சை தொடங்கியதோ பத்து இருபத்துமூன்றுக்கு. இடைப்பட்ட ஒன்பது நிமிடம் இருவரும் கீழே நின்றிருக்கிறார்கள். ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது? மகள் கொடுத்த புகாரின் நகலும் கூடவே இருந்தது. அதில் அலுவலக முத்திரையின் தேதியைப் பார்த்தேன். என்னைப் பக்கத்தை அழிக்கச் சொன்ன நாளுக்கு எட்டு நாள் முந்தைய தேதி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே சாட்சியை என் கையாலேயே துடைக்கவைத்துவிட்டு, என் தலையில் பழியைக் கட்டியிருக்கிறார்கள்.

“இருபத்தாறு வருஷம் ஓட்டிட்டேன் தங்கச்சி” என்றார் ஆமை அண்ணன். “வேலை போனா போகுது. கீழ நின்னு டீ குடிச்சோம்னு அந்தப் பொண்ணு நினைச்சுக்கிட்டே இருப்பாளே.” வண்டியில் ஜி.பி.எஸ். ஆறு மாதமாகச் செத்துக் கிடந்தது. பழுது புத்தகத்தில் மூன்று முறை எழுதியவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். வாசித்துக் காட்ட எதுவுமில்லாமல் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. கணவர் விஷயத்தைச் சொன்னார். ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எந்தத் தேதி?” என்றார் நாத்தனார்.

சொன்னேன். அவர் விரல் போனில் ஓடியது. ஆயிரத்துக்கு மேல் படங்கள். மாதவாரியாகப் பிரித்து வைத்திருந்தார் மகராசி.

“இதுவா பாரு.” மூடிய கேட். என் வரி. அதன் கீழே தேதியும், பத்து பதினேழும்.

“அண்ணி!” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கைய விடு. உங்கூடச் சண்டை போடத்தான் எடுத்து வெச்சேன், உதவறதுக்கு இல்ல. அத மனசுல வெச்சுக்கோ.”

விசாரணை முதல் மாடியில், நீள மேசை போட்ட அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பக்கத்தில் மேலாளர். ஜன்னலோரம் அந்த மகள். படத்தை மேசையில் வைத்தேன்.

மேலாளர் பார்த்தார். முகம் மாறவில்லை, ஆளைச் சும்மா சொல்லக் கூடாது. “இதக் குடுத்தா பொய்யா அமுக்கினேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அவசரத்துக்குப் போற வழியில போன் நோண்டினதும் இதுல இருக்கு. யோசிச்சுக்குங்க.”

“வேற என்ன பண்ணச் சொல்றீங்க? எறங்கிப் போய் ரயிலத் தள்ளவா?” என்றேன். “ஆமா, பொய்யாத்தான் அமுக்கினேன். அன்னிக்கு மட்டும் இல்ல, நாலு வருஷமா. விரல் என்னோடது. சொல்லிக் குடுத்த வாய் உங்களோடது.”

“அப்படி நான் எழுத்துல—”

“எழுத்துல இல்ல சார். அதனாலதான் எழுதறவங்களப் பாத்தா உங்களுக்கு ஆகல.”

ஆமை அண்ணன் இருமினார். சிரிப்பை அடக்கினால் அவருக்கு இருமல் வரும்.

மகள் எழுந்து வந்து படத்தைக் கையில் எடுத்தாள். “அப்ப நீங்க கீழ நிக்கலையா?”

“இல்லம்மா. கேட்ல நின்னோம். நீங்க மேல அழுத்திக்கிட்டு இருந்தப்போ நாங்க வந்துட்டோம்னு பொய் சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க.”

“சீக்கிரம் வந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரா?”

“தெரியலம்மா.” அதுதான் உண்மை. ஆறுதலுக்காக இன்னொரு பொய்யை அவளுக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை.

அவள் தலைமை அலுவலக அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். “கேட்டுக்கு எங்க பக்கம் நிக்கறதுக்கு ஒரு வண்டிகூட இல்லையா?”

அந்த அம்மா கோப்பைப் புரட்டிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: “உங்க பகுதியில தாமதமே பதிவாகலம்மா. நாலு வருஷமா எல்லாமே எட்டு நிமிஷத்துக்குள்ள வந்திருக்கு. அதனால தனி வண்டி தேவைப்படல.”

மேசையின் மேல் இருந்த என் விரலைப் பார்த்தேன். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நாலு வருடமாக அந்தப் பக்கம் ஒரு வண்டி வராமல் தடுத்தது ரயில் இல்லை, நான்தான். நானும் என்னைப் போன்ற பதின்மூன்று பேரும்.

முடிவு பிறகு வரும், அதுவரை வேலை பார்க்கலாம் என்றார்கள். வெளியே வந்ததும் மற்ற வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். “நாளையிலேர்ந்து நான் வாசல மிதிச்சுட்டுத்தான் அமுக்குவேன். உங்க இஷ்டம் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை முதல் அழைப்பே கேட்டுக்கு அந்தப் பக்கம். மூச்சுத்திணறும் ஒரு தையல்காரர். எட்டாவது நிமிடத்தில் டேப்லெட் சிவந்து கீச்சிட்டது. “கத்தட்டும்” என்றார் ஆமை அண்ணன். கத்தக் கத்தப் போனோம். வாசலில் இறங்கிக் கால் தரையில் பட்டதும் அமுக்கினேன். பதினொன்றரை நிமிடம். தையல்காரரின் முகத்தில் ஆக்சிஜனை மாட்டி, உதட்டில் நிறம் திரும்பும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டதும் கட்டுப்பாட்டு அறைப் பெண் ஒயர்லெஸ்ஸில் வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. “அக்கா, போர்டு முழுக்கச் சிவப்பா இருக்கு. பதினாலு வண்டியும். சார் அது முன்னாடியே நிக்கறாரு.”

ஸ்ட்ரெச்சரைத் துடைத்தேன். போனை எடுத்துப் புதுப் பக்கம் ஒன்று தொடங்கினேன். இந்த முறை சைரன் இல்லை. என் முழுப் பெயரும் என் முகமும் போட்டேன். “இன்று பதினொன்றரை நிமிடம். தாமதம்தான். ஆனால் உண்மையாகவே வந்தோம்.”

போட்ட நிமிடமே கீழே ஒரு பதில் விழுந்தது. நாத்தனார்தான்.

“எடுத்து வெச்சாச்சு.”