மலை ஏறாத வருஷம்

பிச்சாட்டூர் அணைக்கரையின் கல்படிகளில் தேன்மொழி ஏறி இறங்குவதைப் பார்த்து ஆடு மேய்ப்பவர்கள் சிரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு வேண்டுதல் என்றார்கள். தையில் திருப்பதிப் பக்கத்துக் காட்டில் ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டம் இருக்கிறது, அதற்குப் பயிற்சி என்று அவள் சொன்னபோது, வேண்டுதல் என்பதே மேல் என்று அவர்களுக்குப் பட்டது.

கரை மலையாகாது. அது அவளுக்கும் தெரியும். ஏறினால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். இறங்கினால் தொடை விழித்துக்கொள்வதற்குள் தரை. ஐப்பசியில் கால் நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை மழையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை; சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் படி இறங்கவே கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. போன ஞாயிறு நெடுந்தூரம் ஓடிப் பார்க்கலாம் என்று நாகலாபுரம் ரோட்டில் கிளம்பியவள், பாதியில் நடந்து, கடைசியில் ஷேர் ஆட்டோவில் வீடு சேர்ந்தாள். வழி நெடுக மலை பக்கத்திலேயே வந்தது. ஏற முடியாது. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. அம்மா ரத்னம்மா காரியத்தன்று சொன்னாள், இவளும் தலையாட்டிவிட்டாள். தை ஓட்டத்துக்கு அதற்கு முன்பே பணம் கட்டியிருந்தாள்.

அப்பா துலுக்காணம் ஆடியில் போனார். குவாரியில் கல் உடைத்து நெஞ்செல்லாம் தூசி சேர்ந்த மனிதர். மலையடிப் புளியமரம் வரைக்கும் அவளை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கொண்டுவந்து விட்டு, தண்ணீர் கேனோடு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "யாரும் தொரத்தல, எதுக்கு இப்டி ஓடற?" என்பார். இறங்கி வந்ததும் ஒரே கேள்வி.

"கடல் தெரிஞ்சிதா?"

"இல்ல நைனா."

"ஒயுங்கா பாத்துக்கினு வரமாட்டியா?"

கிழக்கே, வேர்க்கடலை விளைந்த நிலங்களின்மேல் எழும்பிய தொழிற்சாலைக் கூரைகள்தான் எப்போதும் மினுங்கும். திருப்பதி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும், "இங்க குந்திக்கினு இன்னா பண்ற, ஓடிட்டு வா" என்று விரட்டினார். மலையடி அலிபிரி வரை ஓடித் திரும்புவாள். கட்டிலருகே வந்ததும் புருவத்தை மட்டும் உயர்த்துவார். இவளும் இல்லையென்று தலையசைப்பாள்.

மார்கழி பிறக்குமுன் அண்ணன் பாபு அவளை அம்மா வீட்டுக்கு வரச்சொன்னான். ரத்னம்மா முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயரக் கேட்டுட்டேன் தேனு. நீ ஏறலாம்" என்றான் பாபு. "உனுக்குத் தீட்டு மூணு நாள்தான். அது எப்பவோ தீந்துபோச்சி. வருஷம்லாம் எங்களுக்கு."

"எனுக்கு ஏன் இல்ல?"

"கட்டிக் குட்த்த பொண்ணு நீ. மாப்ள கிரண்குமார் வூடுதான் உன் வூடு. அங்க சாவு இல்லயே. போய் ஏறு, போ."

நல்ல மனதோடுதான் சொன்னான். இதைத்தானே யாராவது சொல்ல மாட்டார்களா என்று கரைப்படிகளில் ஏங்கினாள். ஆனாலும் நெஞ்சு எரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவள் அவள். அவர் துப்பிய சளியைக் கையில் ஏந்தியவள் அவள். அவளுக்கு மூணு நாள்.

"மூணு நாள் எனுக்கு வாணாம். எனுக்கும் வருஷம்தான்."

"அப்ப ஏறாத."

"ஏறுவேன்."

"இன்னாடி இது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டும்தான். வேற வூட்டுப் பொண்ணா ஏறமாட்டேன். அவரு பொண்ணாதான் ஏறுவேன். தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்."

ரத்னம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள். "தோஷம் உன்னோட நிக்காதுடி. இவன் புள்ளைங்களுக்கும் சேரும்."

தேன்மொழி எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாபு தெருமுனை வரை பின்னாலேயே வந்தான்.

"கொழுப்பு. அப்டியே நைனா கொழுப்பு" என்றான். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்திறங்கி, புளியமரத்தைத் தாண்டி ஏறத் தொடங்கினாள். கரைக்குப் பழகிய கால் மலையில் தடுமாறியது. சரளை வழுக்கி முழங்கை சிராய்ந்தது. கெண்டைக்கால் இழுத்தபோது அதைத் திட்டினாள். வாயில் வந்த வசவு நைனாவுடையது. ஓடினாள், கையூன்றித் தவழ்ந்தாள், மறுபடி ஓடினாள். நெஞ்சு வெடிக்கும்போல இருந்தபோது முதல் முகட்டின் பாறை வந்தது.

கீழே பார்த்தாள். புளியமரத்தடியில், அவள் ஏறும்போது இல்லாத டிவிஎஸ் ஃபிஃப்டி நின்றது. பக்கத்தில் பாபு, மலைக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தான். மலை ஏறாத தன் வருஷத்தை அவன் காத்துக்கொண்டிருந்தான்.

கிழக்கே கூரைகளுக்கு அப்பால் ஒரு வெளிச்சக் கோடு கிடந்தது. பனியோ, கடலோ, புதிதாகப் போட்ட இன்னொரு கூரையோ. தேன்மொழி கைகளை வாயருகே குவித்தாள்.

"அண்ணா, கடல் தெரிது."

சத்தம் பாறை பாறையாக இறங்கிப் போனது. பாபு திரும்பவில்லை. திரும்பாமலே, வெள்ளைத் தண்ணீர் கேனை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். வெயில் அதில் பட்டது.