மேல் இடது மூலையில் ஒரு சூரியன்

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. நான் எதையும் நேரில் பார்த்தவனல்ல, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிஷ்கேக்கில் ஒரு வரைபட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, என்னோடு வேலை பார்க்கும் தோல்குன் என்பவள் மலையிலிருந்து கொண்டுவந்த படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ‘அ’ வரைபடத்தைப் படித்துப் பதில் சொன்னவர்கள் முப்பத்தொரு பேர். ‘ஆ’ வரைபடத்துக்கு முப்பது பேர். ஓர் ஆள் குறைகிறது. அடிக்குறிப்பில் அவள் கையெழுத்து: “பதினேழாம் ஆள் – மழையால் தடைப்பட்டது.”

அந்த வாரம் அவள் எடுத்த புகைப்படங்கள் முழுவதும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்றில்கூட மேகம் கிடையாது.

கேட்டேன். இரண்டு கோப்பைத் தேநீர் குடித்து முடித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள், ஒரே ஒரு வரியைத் தவிர.

2

முதல் தொடக்கம்: “ஜூலை மாதத்து வெயில் மலைமுகடுகளின் மேல் பொன்னாக—” வேண்டாம். வெயிலைப் பற்றிய கதைதான், ஆனால் இந்த வெயில் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: “பன்னிரண்டு வருடங்களாகத் தோல்குன் ஒருவனை மறக்க முயன்றுகொண்டிருந்தாள்.” இது பொய். அவள் முயலவே இல்லை.

சரி, தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். வரைபடத்தில் மலை கிடையாது. வெளிச்சமும் நிழலும்தான் உண்டு. தாளின் மேல் இடது மூலையில் ஒரு சூரியன் இருப்பதாக நாங்கள் வைத்துக்கொள்வோம். அதற்கு முகம் காட்டும் சரிவை வெளுப்பாக விடுவோம், முதுகு காட்டும் சரிவைக் கறுப்பாக்குவோம். உலகமெங்கும் இதுதான் வழக்கம். மனிதக் கண் இதற்குப் பழகியது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. வடக்கு மேலே இருக்கும் தாளில் மேல் இடது மூலை என்றால் வடமேற்கு. இந்த நாட்டில் நடுப்பகல் சூரியன் ஒருநாளும் அங்கே நிற்பதில்லை, தெற்கேதான் நிற்கும். யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

தோல்குன் பெரிதுபடுத்தினாள். “மனுசக் கண்ணுன்னு எழுதியிருக்காங்களே, ஆடு மேய்க்கிறவங்க கண்ணக் கேட்டாங்களா?” என்று இயக்குநரிடமே கேட்டுவிட்டாள்.

மேய்ச்சல்காரர்களுக்கு மலை என்றால் இரண்டே பக்கம். தெற்கு பார்த்த வெயில் பக்கம், வடக்கு பார்த்த நிழல் பக்கம். பனி எங்கே முதலில் உருகும், ஈன்ற ஆட்டை எங்கே கட்டலாம், கூடாரத்தை எங்கே அடிக்கலாம் எல்லாம் அதில்தான். அப்படிப்பட்டவர் எங்கள் தாளைப் பார்த்தால் வெளுப்பை வெயில் பக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டால் வடக்கு பார்க்கும் சரிவு தெற்கு பார்ப்பதாகிவிடும், எல்லாம் தலைகீழ். பள்ளத்தாக்கு முகடாகிவிடும், முகடு பள்ளத்தாக்காகிவிடும். அதைச் சோதிக்கத்தான் ஒரே இடத்துக்கு இரண்டு வரைபடங்கள். ‘அ’வில் வழக்கமான சூரியன். ‘ஆ’வில் சூரியனைத் தெற்கே கொண்டுபோய் வைத்தாள். ஓடைகள் இல்லை, பெயர்கள் இல்லை. நடுவில் ஒரு சிவப்புக் குறி மட்டும். கூடார வாசலில் நின்று, அந்தக் குறி எதிரே இருக்கும் மலையில் எந்த இடம் என்று கைகாட்ட வேண்டும். முதலில் ‘அ’. இருபது நிமிடம் கழித்து ‘ஆ’.

(விதி: பதில் சரியா தவறா என்று சோதிப்பவர் சொல்லக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. “நன்றி, அடுத்த கேள்வி” என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.)

3

பதினேழாம் ஆளின் பெயர் ஓமுர்பெக். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நில அளவைக் குழுவுக்குக் குதிரை கொடுத்தவன். தோல்குன் அந்தக் குழுவில் பயிற்சிக்கு வந்த நகரத்துப் பெண். ஒரு கோடைக்காலம் போதுமானதாக இருந்தது. குழு இறங்கும் நாளில் அவளோடு அவனும் நகரத்துக்குப் போய்விடுவது என்று முடிவு. அவன் தகப்பனார் விடமாட்டார் என்பதால் வீட்டிலிருந்து கிளம்ப முடியாது. கடைசி வாரம் அவன் மேல் மேய்ச்சலில் குதிரைகளோடு இருந்தான். குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் கொண்டு வரும் ஆட்கள் கையில் அவள் ஒரு வரைபட நகலைக் கொடுத்தனுப்பினாள். அதில், பள்ளத்தாக்கில் குழுவின் லாரி வந்து நிற்கும் ஓடை முகப்பில் ஒரு குறி. கீழே ஒரு வரி: “சனிக்கிழமை இங்கே வா, சேர்ந்து போவோம்.”

இடத்தின் பெயரை எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்த ஓடை முகப்புக்கு ஊரார் என்ன பெயர் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் தாளில் அதற்கு ஓர் எண்தான் இருந்தது. தாளில் ஓடை நீலக் கோடாகவாவது தெரிந்திருக்குமே என்றால், எங்கள் பழைய நகல் இயந்திரத்தில் நீலம் விழாது.*

லாரி ஓடை முகப்பில் நின்றது. டிரைவர் நண்பகல் வரை பொறுத்தார். அவன் வரவில்லை. குதிரையும் அப்பனும் போதும் என்று இருந்துவிட்டான் போல என்று அவள் லாரியில் ஏறிவிட்டாள். கடிதம் எழுதவில்லை. அவனும் எழுதவில்லை. முதலில் கேட்பவர் தோற்றுவிடுவார் என்கிற மாதிரி இரண்டு பேரும் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவள் எங்காவது களப்பணிக்குப் போய்விடுவாள். நாங்கள் அதை வேலைமேல் உள்ள ஆர்வம் என்று பாராட்டினோம்.

அடுத்து நான் எழுதியது: “ஓமுர்பெக்கின் மனைவி இறந்து மூன்று வருடம்—” அடித்துவிட்டேன். கதைக்காரன் தன் வசதிக்காக ஒரு பெண்ணைக் கொல்லக் கூடாது. அவன் மனைவி நன்றாக இருக்கிறாள். பெயர் ஜிபார். அட்டவணையில் பதினாறாம் ஆள்.

சோதனைத் தாளில் சிவப்புக் குறி அதே ஓடை முகப்பில் ஏன் வந்தது? “கை போன எடத்துல வெச்சேன்” என்றாள் தோல்குன். அந்தக் கையை நான் நம்புகிறேன்.

* அந்தத் தாளுக்கு நிழல் போட்டவன் நான். இதை இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும்.

4

ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர் கேட்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. ஆனால் விருந்தாளியாக வந்தவள் வீட்டுக்காரனைப் பார்த்துக் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று எந்தக் கூடாரத்தில் சொல்ல முடியும்? ஜிபார் பதில் சொன்னபோது ஓமுர்பெக் வாசலோரம் சேண வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். தோல்குன் உள்ளே நுழைந்தபோது அவன் அவளுக்கு வைத்த வணக்கம் ஊர்ப்பொதுவானது. பயணம் சௌகரியமா என்று கேட்டான். “நீங்க” என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

ஜிபாருக்கு முன் பதினைந்து பேர் ‘அ’வைப் பார்த்துவிட்டு முகட்டைத்தான் காட்டியிருந்தார்கள். ஆய்வாளருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தோல்குனுக்கு வரவில்லை; பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவள் கொடுத்தனுப்பிய தாளிலும் இதே சூரியன்தான்.

ஜிபாரும் முகட்டைத்தான் காட்டினாள். இருபது நிமிடம் கழித்து ‘ஆ’வை விரித்ததும் அவள் கை நேராகக் கீழே, ஓடை முகப்புக்குப் போயிற்று. பிறகு சிரித்தாள்.

“அக்கா, அதே குறிதானே இது? அப்ப மேல ஏறி நின்னுச்சு, இப்பத் தண்ணி குடிக்க எறங்கிருச்சா?”

“நன்றி. அடுத்த கேள்வி” என்றாள் தோல்குன்.

வாசலில் ஊசி ஒரு தையல் நேரம் நின்றது. (இது நான் சேர்த்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லையாம்.)

பிறகு அவன் முறை. ‘அ’ தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். வெகுநேரம் பார்த்தான். முகட்டில் குதிரைச் சேணம் மாதிரி தாழ்ந்திருக்கும் இடத்தைக் காட்டினான்.

“அங்க.”

அடுத்த கேள்வி படிவத்தில் அச்சடித்தே இருக்கிறது. அவள் அதைப் படித்தாள். “இந்தப் பதில்ல எவ்வளவு உறுதியா இருக்கீங்க? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க.”

“அஞ்சு” என்றான். தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “அந்த எடத்துல ரெண்டு நாள் இருந்திருக்கேன். ரெண்டு குதிரையோட. கீழ ஒரு லாரி நின்னுச்சு. ஏறி வருவாங்கன்னு பாத்தேன். மத்தியானம் அது போயிருச்சு. வேற வழியா வருவாங்களோன்னு மறுநாளும் இருந்தேன்.”

இரண்டாவது குதிரை யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. குதிரையில் ஒரு மணி நேர இறக்கம். அவன் இறங்கவில்லை, இவள் ஏறவில்லை. அந்தப் பங்கை என் நிழலின் தலையில் கட்ட முடியாது. ஆனால் மீதியைக் கட்டலாம்.

தோல்குன் “நன்றி” என்றாள். ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அதன் மேலேயே இன்னொன்று, இன்னொன்று. அந்தப் படிவம் என் மேசையில் இருக்கிறது. அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது.

அவன் வந்திருந்தான். பன்னிரண்டு வருடமும் அவள் ஏங்கியது தன்னை வேண்டாமென்று விட்டவனுக்காக. அப்படி ஒருவன் இருக்கவே இல்லை. அந்த ஏக்கத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

5

ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. ஜிபார் சிரித்துச் சொன்னதை அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். குறி ஓடைக்கரைக்கு இறங்கும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அப்படியானால் அவன் சொன்னது கேள்விக்குப் பதிலா, தோல்குனுக்குச் சேதியா? அவளிடமே கேட்டேன். “அஞ்சுன்னு சொன்னாரு, அவ்வளவுதான்” என்றாள்.

6

இருபது நிமிட இடைவெளி. ஜிபார் தேநீர் ஊற்றினாள், ரொட்டியைப் பிட்டு வைத்தாள். மூன்று பேர். பையில் ‘ஆ’ வரைபடத்தின் பதினேழாம் தாள். அதை விரித்தால் ஓமுர்பெக்கின் கை, மனைவியின் கண்ணெதிரே, லாரி நின்ற இடத்துக்கு இறங்கும். விரிக்காவிட்டால் ஆய்வில் ஓட்டை. அப்போது ஒருவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது, பாதை சேறாவதற்குள் கிளம்புவது நல்லது என்று சொல்லியிருக்கிறார். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மற்ற இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள்.

சொன்னது யார் என்பதைத்தான் தோல்குன் சொல்லவில்லை.

முதல் பிரதியில் அவளையே சொல்லவைத்தேன். அப்படியென்றால் அவள் அந்த வீட்டைக் காப்பாற்றிவிட்டுத் தனியாக இறங்கினாள். கௌரவமான முடிவு, எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் பிரதியில் ஜிபார். இரண்டு குதிரைக் கதையை அவள் கல்யாணமான புதிதிலேயே கேட்டிருப்பாள். பெண்தான் யாரென்று அன்றுவரை தெரியாது. கோப்பையை நீட்டியபடி, குரல் மாறாமல் சொல்லியிருப்பாள். மூன்றாம் பிரதியில் ஓமுர்பெக். அவனுக்குத் தாள் தேவைப்படவில்லை. அவனுக்கு வேண்டியது, தான் வந்திருந்ததைத் தோல்குன் தெரிந்துகொள்வது மட்டும்தான், அது ஆகிவிட்டது.

மூன்றையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். நிழல் போட்டவனே முடிவையும் போடுவது சரியாக இருக்காது. ஏற்கெனவே ஒரு தடவை சூரியனைத் தவறான மூலையில் வைத்தவன் நான்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போனபோது ‘ஆ’ தாள்கள் முப்பத்தொன்று, ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். திரும்பி வந்தவற்றை இரண்டு தடவை எண்ணிவிட்டேன். முப்பதுதான். பதினேழாம் தாள் இல்லை. அது அந்தக் கூடாரத்தில் யாருடைய பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது இந்த நகரத்தில் யாருடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்று நீங்கள் முடிவுசெய்துவிட்டால், கீழே விட்டிருக்கும் இடத்தில் ஒரு பெயரை எழுதிக்கொள்ளலாம். பென்சிலால் எழுதுங்கள்.

“மழ வரும் போலருக்கு, வெரசா கெளம்புறது நல்லது,” என்று சொன்னது ______________