மரி-க்ளேர் கட்டிய பெட்டிகள்

கருவடிக்குப்பத்து மரி-க்ளேர் கட்டிக் கொடுக்கிற பெட்டிக்கு எடை கிடையாது. சென்னை விமான நிலையத்தில் தராசில் ஏற்றினால் பூஜ்யம் காட்டும். முதலில் தராசை மாற்றிப் பார்த்தார்கள், பிறகு அதிகாரியைக் கூப்பிட்டார்கள், அப்புறம் பாண்டிச்சேரிப் பெட்டி என்றாலே சீட்டை ஒட்டி அனுப்பிவிடப் பழகிக்கொண்டார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிற சொல்தா குடும்பங்கள் இந்த ஊரில் கொஞ்சநஞ்சமில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். துலோன் என்பான், ரெயூனியன் என்பான், ஜிபூத்தி என்பான். லீவுக்கு வந்த பெண்டாட்டி பிள்ளைகள் கிரைண்டரும் மாதா சுரூபமுமாக மறுபடி கிளம்ப வேண்டும். மரி-க்ளேரும் சொல்தா பெண்டாட்டிதான். ஒவ்வொரு மாற்றலிலும் மகள் அனைஸ் தரையில் புரண்டு அழுததைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள். புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்த பிறகு, மற்ற பெண்களுக்காவது இந்தப் பாடு வேண்டாம் என்று பெட்டி கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். கயிற்றை இறுக்கி முடித்ததும் மூடியின்மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவாள், பெட்டி லேசாகிவிடும். பயணம் போகிறவர்களின் நெற்றியிலும் வழக்கப்படி போட்டு அனுப்புவாள். அவள் சிலுவை போட்ட பிள்ளை அழாது. சிரித்துக்கொண்டே டாக்சியில் ஏறும், திரும்பிக்கூடப் பார்க்காது. பெற்றவர்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்த எடையெல்லாம் எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தன் தலைச்சுமை இறங்கினால் போதும், அது எவர் தலையில் ஏறியது என்று யார் பார்க்கிறார்கள்? எல்லாம் மரி-க்ளேரிடம்தான் போனது. ஆள் என்னவோ ஈர்க்குச்சிதான். ஆனால் அவள் உட்கார்ந்த நாற்காலிகள் முறிந்தன, ஷேர் ஆட்டோ அவளை ஏற்றிக்கொண்டு நகர மறுத்தது, கடைசியில் வீடே அவளோடு சேர்ந்து மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தது. கொத்தனார் கலியபெருமாள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடலோரத்து மண்ணு, அப்படித்தான் வாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலத்தில் வாசலில் மணல் மூட்டை அடுக்குவதுதான் தொந்தரவு.

அனைஸும் சொல்தாவைத்தான் கட்டினாள். மாப்பிள்ளை பெயர் லூதோவிக், தங்கமான பிள்ளை. போன வருஷம் அவள் முழுகாமல் வந்திருந்தபோது அவனுக்குத் துலோனுக்கு மாற்றல் வந்தது. தலைப்பிரசவம், அம்மா பக்கத்தில் இல்லாமல் முடியாது என்று ஒரே பிடியாக நின்றாள். அம்மாவையும் கூட்டிப்போகக் கார் வந்தது, மரி-க்ளேர் ஏறியதும் நாலு டயரும் வெடித்தன. தட்டாஞ்சாவடியிலிருந்து இரும்பு ஏற்றுகிற லாரியைக் கொண்டுவந்தார்கள், லாரி தாங்கியது. ஆனால் லாரி கடல் தாண்டுமா? விமானக் கம்பெனிக்காரன் மரியாதையாகத்தான் முடியாது என்றான்.

அனைஸ் ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவிடம் பெட்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "ஆளுக்குக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கிங்க, எங்கம்மா எழுந்து வந்துடுவாங்க" என்று கெஞ்சினாள். பிள்ளைக்குப் பரீட்சை என்றார்கள், இடுப்புவலி என்றார்கள், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். ரெயூனியனில் இருந்த பொலின் மட்டும் சரி என்றாள், ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவளுடைய புருஷன் அங்கே ஒரு விபத்தில் இறந்துபோயிருந்தான். "அவர பொதைக்கறப்போ எனக்கு ஒண்ணுமே தோணல ஆன்ட்டி. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நின்னுட்டு வந்துட்டேன். பையனும் ஒரு வாரத்துல அப்பாவ மறந்துட்டான். என் பாரத்த எனக்கே குடுத்துருங்க" என்றாள். "எடுத்துக்கம்மா" என்றாள் மரி-க்ளேர். உடனே அந்தப் பக்கத்திலிருந்து அழுகை கேட்க ஆரம்பித்து, வெகுநேரம் ஓயவில்லை. இங்கே வீடு ஒரு விரற்கடை மேலே எழும்பியது.

அந்த ஒரு விரற்கடை எந்த மூலைக்கு? மரி-க்ளேர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நல்லது செய்வதாக நினைத்து இத்தனை பேரிடமிருந்து எதை எடுத்துவிட்டோம் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அன்று பூராவும் சாப்பிடாமல் கிடந்தாள்.

கிளம்புகிற நாளில் அனைஸின் பெட்டிகளை அவள் தொடவில்லை. லூதோவிக்கும் கலியபெருமாளும் கட்டி, முக்கி முனகித் தூக்கினார்கள். அனைஸ் அம்மாவின் எதிரே மண்டியிட்டு நெற்றியைக் காட்டினாள். மரி-க்ளேர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போடும்மா. நீ இல்லாம எப்படிப் பெத்துக்கப் போறேன்? இத சுமந்துகிட்டு என்னால போவ முடியாதும்மா."

"சுமந்துகிட்டே போடி. இத எறக்கி வெச்சிட்டா என்னையும் இல்ல எறக்கி வெச்சிடுவ."

பெற்ற மகளைக் கட்டிப்பிடிக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. அனைஸ் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். திண்டிவனம் தாண்டியும் அழுதாள், துலோன் போயும் அழுதாள், பிரசவ அறையில் அம்மா அம்மா என்று கத்தி ஒரு பெண்ணைப் பெற்றாள். அன்று சாயங்காலம் வீடியோவில் குழந்தையைக் காட்டினார்கள். மரி-க்ளேர் சிரித்த முகமாகப் பார்த்தாள், யார் ஜாடை என்று சொன்னாள், ஃபோனை அணைத்து வைத்தாள். வீடு அப்போது இறங்கியதைப் போல முன்னால் ஒருநாளும் இறங்கியதில்லை. அனைஸ் போன பிறகு ஒருத்தருக்கும் அவள் பெட்டி கட்டியிருக்கவில்லை. இது அவளுடைய சொந்தப் பாரம் என்று தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது.

இப்போது ஜன்னல் ரோட்டு மட்டத்தில் இருக்கிறது. வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற துர்கா கூடையை இறக்கிவைத்து, ரோட்டிலேயே குந்தி, கம்பி வழியாக மத்தியை உள்ளே நீட்டுகிறாள். பேத்திக்குப் பல் முளைத்ததா என்று விசாரிக்கிறாள். முளைத்துவிட்டது, கையில் எடுத்தவர்களையெல்லாம் கடிக்கிறதாம் என்று கீழேயிருந்து பதில் வருகிறது.