தழும்பின் வலப்பாதி

2023 மார்ச் 14, சிரம்பான் மருத்துவமனை. அறுவைக்கு முன் லோகேஸ்வரியின் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். அதை இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த மஞ்சள் நீரைத் தனியே பிரித்தார்கள். குழந்தையை எடுத்துத் தையல் போடும்போது, வெட்டின் ஒரு பாதியில் மட்டும் அதை ஊசியால் செலுத்தினார்கள்.

எந்தப் பாதி என்று அவளிடம் சொல்லவில்லை. தழும்பைப் பார்த்து மதிப்பிடும் டாக்டர் நசீராவுக்கும் தெரியாது. தழும்பு தடிக்காமல் ஆறுமா என்று பார்க்கும் ஆய்வின் விதி அது. ஊசி போட்ட பாதி நன்றாக ஆறினால், கடைசியில் மற்றப் பாதிக்கும் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் லோகேஸ்வரி ஒப்புக்கொண்டாள். முதல் பிரசவத்தின் தழும்பு விரல் பருமனுக்குத் தடித்துப்போய், அவள் வேலை பார்க்கும் நீலாய் தொழிற்சாலைச் சீருடையின் இடுப்புப்பட்டை உரசும்போதெல்லாம் அரித்தது. கழிப்பறைக்குப் போய்ச் சொறிந்துவிட்டு வருவாள். இந்த முறை அந்தத் தழும்பை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாகத் தைத்திருந்தார்கள்.

பிள்ளை பெற்ற பிறகான பத்தியக் காலம் லாபு ஊரில், அக்கா குமுதவல்லியின் வீட்டில். அக்கா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவள். மலாய்க்காரப் பெண்களைப் போலப் பிள்ளை பெற்ற வயிற்றைச் சுற்றிப் பெங்கோங் துணி கட்டுவதில் அவளுக்கு நல்ல பேர்.

ஒரு காலை துணியை அவிழ்த்தபோது அதன் வலப்பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

"என்னக்கா இது?"

"மஞ்சளும் வேப்பெண்ணெயும். துணியிலேயே தடவித்தான் கட்டுறேன்."

"ஒண்ணும் போடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"வலப்பக்கம் செவந்து கெடக்கு. ஊசி போடாத பக்கம் அதுதான்னு பாத்தாலே தெரியுது. ஒரே வயித்துல ஒரு பக்கத்துக்கு விருந்து, ஒரு பக்கத்துக்குப் பட்டினி. நல்லா ஆராய்ச்சி பண்றாங்க லா."

லோகேஸ்வரி சோப்பு போட்டுக் கழுவினாள். மஞ்சள் முழுதாகப் போகவில்லை. மறுநாள் பரிசோதனை.

"சொல்லிக்கிட்டு இருக்காத" என்றாள் அக்கா. "ஆராய்ச்சியிலேருந்து வெளியே அனுப்பிட்டாங்கன்னா அந்தப் பக்கத்துக்கு ஊசிய எங்க போய்க் கேப்ப?"

"மஞ்சள் தெரியுமேக்கா."

"கொழம்பு கொட்டிருச்சுன்னு சொல்லு."

"வயித்துலயா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோகேஸ்வரியும் சிரித்தாள். தையல் வலித்தது.

மருத்துவமனையில் பக்கத்து நாற்காலியில் நிறைமாதமாக ஒரு மலாய்ப் பெண், நூருல். அவளையும் ஆய்வில் சேரக் கேட்டிருக்கிறார்களாம்.

"அந்த ஊசி நல்லா வேலை செய்யுதா அக்கா?" என்று மலாயில் விசாரித்தாள்.

இன்னும் தெரியவில்லை என்றாள் லோகேஸ்வரி. அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் நசீரா குனிந்து பார்ப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"எந்தப் பக்கம் தடவினாங்க?"

"வலது. ஊசி போடாத பக்கம்னு அக்கா நெனச்சிட்டாங்க."

எந்தப் பாதி என்ற குறிப்பு இருந்த ஆய்வுக்கூடத்துக்கு டாக்டர் போன் செய்தார். பேசி முடித்து அவள் பக்கம் திரும்பினார்.

"ஊசி போட்டதே வலப்பக்கந்தாம்மா. ஊசி போட்ட எடம் மொதல்ல கொஞ்சம் செவக்கலாம்."

"இப்ப என்ன செய்யிறது?"

"உங்க தழும்ப இனிமே கணக்குல சேர்க்க முடியாது. வலது நல்லா ஆறினா எதனால ஆறுச்சுன்னு எப்படிச் சொல்றது? ஆய்வுக்கு வெளியே இந்த ஊசி போட எனக்கு அனுமதி இல்ல. ஆனா நீங்க வாங்க, நான் பாக்குறேன்."

வீட்டில் அக்கா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சொல்லாதன்னு நான்தான் சொன்னேன்ல." பிறகு குழந்தையின் துணிகளைப் பிழியப் போனாள்.

செப்டம்பரில் வலப்பாதி தட்டையாகவும் வெளிறியும் இருந்தது. இடப்பாதி தடித்திருந்தது. அந்தப் பாதிக்கு ஸ்டீராய்டு ஊசி தொடங்கினார்கள். குமுதவல்லி மஞ்சளால்தான் ஆறியது என்கிறாள். நூருல் ஆய்வில் சேர்ந்தாள். லோகேஸ்வரி நீலாய் தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டாள். இடப்பக்கம் அரிக்கிறது.