எட்டரை மணி மழை

மழை அளப்பது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் மழைமானிக்குப் பதினோரு வருடமாக நான்தான் பொறுப்பு. அரசாங்கச் சம்பளம். இந்தச் சீனிச்சாமியின் பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அதனால் கர்ணன் வழக்கில் மழையைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது, சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு போனேன். கர்ணன் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப் டிரைவர். 2003 நவம்பர் பதினான்காம் தேதி சாயங்காலம், என் மழைமானிக்கு எதிரே தெரியும் மலைப்பாதையின் கடைசி வளைவில் ஜீப் உருண்டு, சுந்தர்ராஜ் என்ற தொழிலாளி இறந்துபோனார். பேய்மழையில் மண் சரிந்து வந்து ஜீப்பைத் தள்ளியது என்றான் கர்ணன். மழையே இல்லை, கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றது போலீஸ். மழை பெய்யவில்லை என்று ஆகிவிட்டால் அவனுக்கு இரண்டு வருடம் ஜெயில்.

உத்தமபாளையம் கோர்ட்டில் அரசு வக்கீல் ஞானசிகாமணி என் பதிவேட்டை என்னிடமே நீட்டினார்.

“பதினாலாம் தேதிக்கு நேரா என்ன போட்டிருக்கு?”

“சைபர்.”

கர்ணனின் மனைவி யுவராணி பின் பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் அவசரப்படவில்லை.

“காலையில எட்டரைக்குத்தான்யா அளக்குறது. சாயங்காலம் பேஞ்சது மறுநாக் கணக்குல வரும். பதினஞ்சாம் தேதியப் பாருங்க. எழுபத்தி நாலு புள்ளி ரெண்டு மில்லிமீட்டர்.”

கோர்ட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

மழைமானியில் சேர்ந்த தண்ணீரை ஊற்றி அளக்கும் கண்ணாடிக் குவளையை வக்கீல் மேசை மேலிருந்து எடுத்தார். “அன்னைக்கு இதுல எத்தனை தடவை ஊத்தி அளந்தீங்க?”

இதென்ன கேள்வி! “ஒரு தடவதான்.”

“இதுல இருபது மில்லிமீட்டருக்கு மேல கோடே இல்லையே, சீனிச்சாமி?”

பார்த்தேன். இல்லைதான். அந்தக் குவளையை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அப்ப இது அளக்காம எழுதின கணக்கு” என்றார் வக்கீல்.

கர்ணன் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. அந்தப் பார்வை அதைவிட மோசமாக இருந்தது.

“அளந்ததுதான்யா. அளந்தது என் வீட்டுக்காரி. தெனமும் அவதான் அளந்து சொல்லுவா, நான் எழுதிப்புடுவேன். எட்டரைக்கு நான் டீக்கடையில இருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. வராண்டாவில் தூக்குச்சட்டியோடு எனக்காகக் காத்திருந்த என் மனைவி பஞ்சம்மாளைக் கூப்பிடச் சொன்னார்.

“மூணு தடவ முழுசா ரொம்புச்சு. நாலாவது பதினாலு புள்ளி ரெண்டு” என்றாள் அவள், யாரும் எடுத்துக் கொடுக்காமல்.

“நீங்க அரசு ஊழியரே இல்லையேம்மா. உங்களை எப்படி நம்புறது?” என்றார் வக்கீல்.

“சம்பளம் வாங்குறவுக அந்தா அங்கன நிக்கிறாக. அவுகளத்தான் கேட்டுப் பாத்தீகளே” என்றாள்.

அதன்பின் நீதிபதியே கேட்டார். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எப்போது விட்டது, மண் எந்தப் பக்கம் சரிந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கர்ணன் விடுதலையானான். யுவராணி பஞ்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு சஸ்பென்ஷன் வந்தது. தீர்ப்பு நகலை வாங்கிப் படித்தேன். பஞ்சம்மாளை நிபுணர் என்று எழுதியிருந்தார் நீதிபதி. நான் ஒரே ஒரு இடத்தில் வருகிறேன்: நிபுணரின் கணவர்.