குளியலறைக்கு வெளியே

நலத்துறையிலிருந்து மதிப்பிட வந்திருந்த விஜயரட்ணம் சார், போராங் படிவத்தில் 'உடை உடுத்துதல்' என்ற வரிக்கு வந்ததும், இருசம்மாள் பாட்டி முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றித் திரும்ப மாட்டிக்காட்ட வேண்டும். சார் கெட்டவர் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். பாட்டி அசையவில்லை.

அது தொண்ணூற்று நான்காம் வருஷம். மெர்லிமாவில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில், தன்னைத் தானே கவனித்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இடம். முடியாதவர்களை மலாக்கா டவுனுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். பாட்டியின் கணவர் ராமையா ஆண்கள் கட்டடத்தில் இருந்தார். நான்கு மணித் தேநீருக்கு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பேசாமல் பிஸ்கட்டை நனைத்துத் தின்பார்கள்.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யாரோ வழுக்கி விழுந்ததிலிருந்து, குளிக்கும்போது நான் உள்ளே நின்று கைகொடுக்க வேண்டும் என்பது மேட்ரனின் உத்தரவு. முதல் நாளே பாட்டி என்னை வெளியே தள்ளினார்.

"ஆறு பிள்ள பெத்தும் எங்க வீட்டுக்காரரே பாத்ததில்ல. நீ என்னத்த பாக்கப்போற?"

எனக்கும் கூச்சம். தினமும் வெளியேதான் நின்றேன். அவர் கொசுவம் கலையாமல் உடுத்தி, திருநீறு பூசிக்கொண்டு வருவார். மேட்ரன் கேட்கும்போதெல்லாம் நான்தான் குளிப்பாட்டி உடுத்திவிட்டேன் என்று சொல்லி வந்தேன்.

சார் என் பக்கம் திரும்பினார். "நீதானே பிள்ளை தினமும் நிக்கிறனீ? இவ தானா உடுத்துவாவோ?"

என் பின்னால் மேட்ரன் நின்றார்.

"இல்ல சார். நான்தான் உடுத்தி விடுறேன்."

பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டார். சார் கட்டத்தில் கோடு போட்டார்.

பாட்டியை அந்த இன்னொரு இல்லத்துக்குக் கொண்டுபோகத் திங்கட்கிழமை வேன் வரும் என்றார்கள். சனிக்கிழமை மேட்ரனின் அறை வாசல்வரை போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நிற்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

திங்கள் காலை வாளியை வைத்துவிட்டு வழக்கம்போல் ஒதுங்கினேன். கதவு சாத்தப்படவில்லை.

"உள்ள வா லா," என்றார் பாட்டி. "எழுதியாச்சில்ல. வந்து உடுத்தி விடு."

ஈரத்தோடு, கண்ணை மூடி, குழந்தையைப் போலக் கைகளை விரித்து நின்றார். ரவிக்கையை மாட்டினேன். முதல் கொக்கி வளையத்தில் விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவர் கைகளைத் தாழ்த்தாமல் நின்றார்.